பூ கொட்டுகிறது, காய் நிற்கவில்லை: வேலூர்ப் பக்கம் புதிதாகத் தோட்டம் வைப்பவர்களுக்கு

மாசி, பங்குனி வந்தால் எங்கள் பக்கம் ஒரே புலம்பல்தான். "பூ நெறைய வெக்குதுபா, பிஞ்சுதான் நிக்கமாட்டேங்குது." தர்பூசணி, பாகல், பரங்கி, பீர்க்கன் என்று எதைப் போட்டவரும் இதையே சொல்வார். சொன்ன கையோடு மருந்துக் கடைக்குப் போவார். கடைக்காரர் பூ நிற்பதற்கு ஒரு டானிக் பாட்டிலும், கூடவே பூச்சிக்கு ஒரு பாட்டிலும் எடுத்துக் கொடுப்பார். இரண்டையும் கலந்து காலை எட்டு மணிக்குத் தெளிப்பார்கள். வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்சம் தேனீயும் அன்றோடு சரி.

அணைக்கட்டு, ஒடுகத்தூர், கே.வி.குப்பம், குடியாத்தம் பக்கங்களில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வாங்கிக் காய்கறியும் பழமரமும் வைக்கப் புதிதாக இறங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டானிக்குக்கும் தேனீப் பெட்டிக்கும் பணம் எடுத்து வைப்பதற்கு முன்னால், உங்கள் பயிரின் பூ எத்தனை மணிக்கு விரிகிறது, அதில் யார் வந்து உட்காருகிறார்கள் என்று பார்த்துவிடுங்கள். காசு செலவில்லாத வேலை என்பதாலோ என்னவோ, அதைச் செய்பவர்கள் குறைவு.

உங்கள் பயிருக்குப் பூச்சி தேவையா?

வட ஆற்காட்டில் கழனி என்றால் நெல், கரும்பு; கொல்லை என்றால் கடலை, கேழ்வரகு. நெல்லும் கேழ்வரகும் தன் பூவுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கையை முடித்துக்கொள்ளும். கடலையும் அப்படித்தான், மூடிய இதழுக்குள்ளேயே காரியம் முடிந்துவிடும். கரும்பைக் கரணை வைத்து நடுகிறோம், அதற்குப் பூவே வேண்டாம். வாழை மகரந்தம் இல்லாமலே காய்க்கும். மக்காச்சோளத்துக்குக் காற்று போதும். ஆக, நம் ஊர் விவசாயிக்குத் தலைமுறை தலைமுறையாகப் பூச்சியிடம் உதவி கேட்க வேண்டிய தேவையே பெரிதாக வந்ததில்லை. பூச்சி என்றாலே மருந்து என்கிற பழக்கம் அதனால்தான் இங்கே இவ்வளவு வேரூன்றிவிட்டது என்று நினைக்கிறேன். காய்கறிக்கும் பழத்துக்கும் மாறும்போதுதான் அந்தப் பழக்கம் நம் வயிற்றில் அடிக்கிறது.

2016இல் ஐ.நா. ஆதரவில் இயங்கும் பல்லுயிர் அறிவியல் குழு வெளியிட்ட அறிக்கை இதை உலகக் கணக்கில் சொன்னது. முக்கிய உணவுப் பயிர் வகைகளில் நான்கில் மூன்று பங்கு, கொஞ்சமாவது பூச்சி, பறவை, வௌவால் போன்றவற்றின் மகரந்தச் சேர்க்கையை நம்பியிருக்கிறது. விளைச்சலின் அளவை வைத்துப் பார்த்தால் அது 35 சதவீதம். நெல், கோதுமை, சோளம் எல்லாம் மூட்டைக் கணக்கில் நிறைய வருவதால்தான் இந்த இரண்டாவது எண் சிறியதாக இருக்கிறது.

நம் தோட்டத்துக்கு வருவோம். பரங்கி, பூசணி, தர்பூசணி, வெள்ளரி, பாகல், புடல், பீர்க்கன், சுரை ஆகிய கொடி வகை முழுக்க, பூச்சி வராவிட்டால் காய் கிடையாது. பசுமைக் குடிலுக்கென்று வரும் சில வெள்ளரி ரகங்கள் மட்டும் விதிவிலக்கு. அவை மகரந்தம் இல்லாமலே காய்க்கும்படி உருவாக்கப்பட்டவை. விதை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள், வலை போட்ட குடிலுக்குள் சாதாரண வெள்ளரியை வைத்துவிட்டுக் காய்க்குக் காத்திருக்காதீர்கள். மா, முருங்கை இரண்டும் பெருமளவு பூச்சியை நம்பியவை. சூரியகாந்தி, எள், துவரை, கொய்யா, எலுமிச்சை, தென்னை, கத்தரி, தக்காளி இவற்றுக்குப் பூச்சி வந்தால் காயோ மணியோ கூடும், தரமும் கூடும்.

பப்பாளி தனி ரகம். கோ.2 போன்ற ரகங்களில் ஆண் மரம், பெண் மரம் என்று தனித்தனியாக வரும். காய்க்காத மரம் எதற்கு என்று ஆண் மரம் அத்தனையையும் புதியவர்கள் வெட்டிவிடுகிறார்கள். 15 முதல் 20 பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரமாவது தோட்டத்தில் பரவலாக நிற்க வேண்டும். ரெட் லேடி மாதிரி இருபால் பூ வைக்கும் ரகம் என்றால் இந்தக் கவலை இல்லை.

பூவின் கடிகாரம்

கொடி வகைகளில் முதலில் வருவது ஆண் பூதான். பத்துப் பதினைந்து நாள் வரை ஆண் பூவாகவே வந்து உதிரும். அது நோயில்லை, அப்படித்தான் ஆரம்பிக்கும். பெண் பூவை அடையாளம் காண்பது எளிது: இதழுக்குக் கீழே குட்டிக் காய் ஒன்று ஒட்டியிருக்கும். பாகலில் அந்தக் குட்டிக்கே முள் இருக்கும், தர்பூசணியில் மயிர் அடர்ந்த பச்சைக் கோலி மாதிரி இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்பு மட்டும்.

நேரம்தான் புதியவர்கள் கோட்டை விடும் இடம். பரங்கிப் பூ விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறும்போது சுருங்க ஆரம்பித்துவிடும். பத்து மணிக்குத் தோட்டத்துக்கு வருகிறவர் பார்ப்பது கடை மூடிய பிறகான பூவை. பாகலும் விடியற்காலைப் பூ. தர்பூசணி சூரியன் வந்ததும் விரிந்து மதியத்துக்குள் மூடிக்கொள்ளும். மூடிய பூ மறுநாள் திறக்காது. அந்த ஒரு காலைப் பொழுதுதான் அதற்குக் கிடைக்கும் வாய்ப்பு. சுரை, புடல், பீர்க்கன் மூன்றும் சாயங்காலம் விரிபவை. சுரையின் வெள்ளைப் பூவுக்கும் புடலின் நூல் நூலான பூவுக்கும் இருட்டில் பருந்து அந்துப்பூச்சிகள் வரும், ஒரே இடத்தில் பறந்தபடி நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டித் தேன் குடிக்கும் பெரிய பூச்சிகள் அவை. ஆகவே காலையில் தேனீயைக் காணோம் என்று புடல் பந்தலுக்குக் கீழே நின்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை. டார்ச் எடுத்துக்கொண்டு ராத்திரி ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள்.

தர்பூசணியின் பெண் பூவைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். நடுவில் சூலகமுடி மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். அந்த மூன்று மடலிலும் பரவலாக, மொத்தம் 500 முதல் 1000 மகரந்தத் துகள் வரை விழுந்தால்தான் காய் உருண்டு திரண்டு வரும். ஒரு தேனீ ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தால் இது ஆகாது. குறைந்தது எட்டு முறையாவது தேனீ வந்து போக வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. ஒரு பக்க மடலுக்கு மட்டும் மகரந்தம் கிடைத்தால் அந்தப் பக்கம் மட்டும் பருக்கும், மறுபக்கம் சூம்பிப் போகும். காரணம் விதை. ஒவ்வொரு விதை உருவாகவும் ஒரு மகரந்தத் துகள் வேண்டும். உருவாகிற விதைதான் தன்னைச் சுற்றியுள்ள சதையை வளரச் சொல்லி வளர்ச்சி ஊக்கியைச் சுரக்கிறது. விதை இல்லாத இடத்தில் அந்தச் சுரப்பும் இல்லை, சதையும் இல்லை. விதையில்லாத் தர்பூசணிக்கும் மகரந்தம் வேண்டும் என்பது இதில் வேடிக்கை. அதனால்தான் அதைப் போடுபவர்கள் நடுவில் விதையுள்ள ரகத்தையும் நடுகிறார்கள்.

சந்தையில் ஏலம் போகாமல் கிடக்கும் கோணல் காய் ஒன்றைக் கொண்டுவந்து நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். தடித்த பக்கம் விதை முற்றியிருக்கும், ஒல்லியான பக்கம் பொக்கு விதை இருக்கும் அல்லது விதையே இருக்காது. இப்படி இருந்தால் மகரந்தக் குறை. தோலில் ஊசி குத்திய புள்ளியும் உள்ளே புழுவும் இருந்தால் அது பழ ஈ வேலை. அதற்குக் கவர்ச்சிப் பொறி வைக்க வேண்டும், தேனீ தீர்வாகாது. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே கோணல்தான். அறுத்துப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

நூல் கட்டிப் பார்க்கும் சோதனை

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான பகுதி. மற்றதை மறந்தாலும் இதைச் செய்துவிடுங்கள்.

பாகல் என்று வைத்துக்கொள்வோம். நாளைக் காலை விரியப்போகும் பெண் மொட்டை இன்று மாலையே கண்டுபிடிக்கலாம். நுனி லேசாக மஞ்சள் தட்டி, இதழ் தளர ஆரம்பித்திருக்கும். முப்பது மொட்டைத் தேர்ந்தெடுங்கள். பத்துக்கு வெள்ளை நூல் கட்டி அப்படியே விடுங்கள். பத்துக்குச் சிவப்பு நூல் கட்டுங்கள். இவற்றுக்கு மறுநாள் காலை நீங்களே கையால் மகரந்தம் சேர்க்கப் போகிறீர்கள். மீதிப் பத்தைக் கொசுவலைத் துணியில் தைத்த சின்னப் பையால் மூடி, காம்பில் தளர்வாகக் கட்டிவிடுங்கள், எறும்புகூட நுழையக் கூடாது. பூ வாடிய மறுநாள் பையை எடுத்துவிடலாம், ஆனால் நூல் இருக்கட்டும்.

மறுநாள் காலை ஆறரைக்கெல்லாம் தோட்டத்தில் இருங்கள். அன்றைக்கு விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழைப் பின்னால் மடக்கி, நடுவில் இருக்கும் மஞ்சள் பொடியைச் சிவப்பு நூல் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டுத் தடவுங்கள். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூவை உபயோகியுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். முடிந்ததும் வெள்ளை நூல் பூ ஒன்றின் எதிரே உட்கார்ந்து பத்து நிமிடம் எத்தனை பூச்சி வருகிறது, என்ன பூச்சி என்று எண்ணுங்கள். போனைப் பையில் போட்டுவிட்டு எண்ணுங்கள். வேறு வேறு மூலையில் இதையே நாலைந்து தடவை செய்யுங்கள்.

ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். பை போட்டவை வெம்பி உதிர்ந்திருக்கும், அது எதிர்பார்த்ததுதான். சிவப்பு நூல் காய் நின்று, வெள்ளை நூல் காய் உதிர்ந்திருந்தால் உங்கள் தோட்டத்தில் பூச்சி போதவில்லை. இரண்டும் நன்றாக நின்றிருந்தால் பூச்சி போதுமான அளவு இருக்கிறது, பெட்டிக்குப் பணம் போட வேண்டாம். சிவப்பும் உதிர்ந்திருந்தால் சிக்கல் வேறு எங்கோ இருக்கிறது: தண்ணீர் விட்டு விட்டுப் பாய்ச்சுவது, தழைச்சத்து அதிகம், வைரஸ் தாக்கிய கொடி, இல்லாவிட்டால் வேலூர் வெயில். சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது மகரந்தமே செத்துப்போகும். எந்தத் தேனீயும் அதைக் காப்பாற்ற முடியாது. தர்பூசணியைத் தை மாதமே விதைத்து, பூக்கும் காலத்தைக் கடும் வெயிலுக்கு முன்னால் கொண்டுவருவது ஒன்றே வழி.

வருகிறவர்கள் யார்?

தேனீ என்றதும் எல்லோரும் ஒன்றையே நினைக்கிறோம். நம் பக்கம் தேன் சேர்க்கும் உள்நாட்டு வகை மட்டும் நாலு இருக்கிறது. உயரமான மரக்கிளையிலும் தண்ணீர் டேங்க் அடியிலும் ஒற்றை அடையாகப் பெரிய கூடு கட்டும் மலைத்தேனீ. புதரில் கையளவு அடை வைக்கும் கொம்புத்தேனீ. மரப்பொந்தில் அடுக்கடுக்காக அடை கட்டும் அடுக்குத் தேனீ, இதைத்தான் இந்தியத் தேனீ என்று பெட்டியில் வளர்க்கிறோம். பழைய மண்சுவர் வெடிப்பிலும் பொந்திலும் இருக்கும் கொசுத்தேனீ. கடைசியாகச் சொன்னதற்குக் கொட்டத் தெரியாது. இத்தாலியத் தேனீ வெளியிலிருந்து வந்தது, பெட்டியோடு வரும். ஜவ்வாது மலைத் தேன் கடையில் வாங்குகிறோமே, அந்த மலையின் அடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இந்த விருந்தாளிகள் சும்மாவே வருவார்கள். காடு பக்கத்தில் இல்லாத, சுற்றிலும் மனைப்பிரிவாகிவிட்ட நிலத்துக்காரர்களுக்குத்தான் சிரமம்.

கத்தரிக்குப் பெட்டித் தேனீ அவ்வளவாக உதவாது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். புவிசார் குறியீடு வாங்கிய நம் வேலூர் முள்ளுக் கத்தரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஊதாப் பூவின் நடுவில் மஞ்சள் மகரந்தப்பைகள் கூம்பாக நிற்கும். மற்ற பூக்களைப் போல அவை பக்கவாட்டில் வெடிப்பதில்லை. நுனியில் சின்னத் துளை மட்டும், உப்பு டப்பி மாதிரி. குலுக்கினால்தான் பொடி கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்தக் குலுக்கல் தெரியாது. தெரிந்தவர்கள் இருவர்: வயிற்றில் நீலக் கோடுகள் போட்ட நீலப்பட்டைத் தேனீ, கன்னங்கரேலென்று கட்டைவிரல் பருமனில் வரும் தச்சுத்தேனீ. காலை ஏழரை மணிக்குக் கத்தரிச் செடி பக்கத்தில் நின்றால் காதே சொல்லிவிடும். பறந்து வரும்போது ஒரு சுருதி. பூவைக் கட்டிப்பிடித்துத் தொங்கியதும் திடீரென்று சுருதி ஏறி 'ஜ்ஜ்ஜ்' என்று ஒரு குட்டி ரீங்காரம், உடனே நிறுத்தம், மறுபடி ரீங்காரம். இறக்கையை அசைக்காமல் பறக்கும் தசையை மட்டும் அதிரவிடுகிறது. பூச்சியின் வயிற்றில் மாவு பூசியதுபோல் பொடி ஒட்டும். தக்காளிப் பூவும் இதே கட்டுமானம்தான். இரண்டும் காற்றசைவில் தானாகவே ஓரளவு காய்க்கும். அதிர்வு கொடுக்கும் பூச்சி வந்தால் காய் கூடும். ஆனால் கத்தரியில் சூலகத்தண்டு மகரந்தப்பையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பூதான் காயாகும், குட்டையாக உள்ளேயே இருக்கும் பூ பெரும்பாலும் உதிரும். அந்த உதிர்வைப் பார்த்து மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம்.

முருங்கைக்கும் துவரைக்கும் தச்சுத்தேனீ பெரிய துணை. வீட்டு வாசல் மூங்கிலைத் துளைக்கிறது என்று அடித்துக் கொல்பவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

மாவில் கதையே வேறு. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் தோப்பு வாங்கியவர்கள் தேனீப் பெட்டி கேட்டு வருகிறார்கள். மாம்பூவுக்கு முக்கிய வேலைக்காரன் ஈ. ஆமாம், நாம் விரட்டும் சாதாரண ஈ, பச்சை ஈ, மலர் ஈ எல்லாமும்தான். கொசுத்தேனீயும் நன்றாக வேலை செய்யும். ஒரு பூங்கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருந்தாலும் பெரும்பகுதி ஆண் பூ. இருபால் பூ கொஞ்சம்தான், அதிலும் காயாகி முற்றுவது விரல்விட்டு எண்ணும் அளவு. வெளிநாட்டு மாந்தோப்புகள் சிலவற்றில் பூக்கும் காலத்தில் மீன் கழிவைச் சட்டியில் வைத்து ஈயை வரவழைப்பார்கள். வீடு பக்கத்தில் இருந்தால் இந்த யோசனை வேண்டாம், அக்கம்பக்கம் சண்டைக்கு வரும். தோப்பு ஓரத்தில் சாணக் குழி இருந்தாலே போதும்.

கொல்லாமல் இருப்பது

பூச்சியைக் கூட்டி வருவதைவிட இருப்பதை விட்டுவைப்பது சுலபம். பூ விரிந்திருக்கும் நேரத்தில் மருந்து அடிக்காதீர்கள். அடித்தே ஆக வேண்டும் என்றால் காலைப் பூப் பயிருக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், தேனீ கூட்டுக்குத் திரும்பிய பிறகு. சுரை, புடலுக்கு இதே கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். தூள் மருந்து வேண்டவே வேண்டாம். மகரந்தத்தோடு தேனீயின் உடம்பில் ஒட்டிக் கூடுவரை போகும். இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சாம் போன்றவை செடிக்குள் ஊடுருவி மகரந்தத்திலும் தேனிலும் வந்து சேருபவை. ஆகவே மாலையில் அடித்தாலும் மறுநாள் காலைப் பூவில் இருக்கும். மொட்டு கட்டத் தொடங்கியதிலிருந்து இவற்றைத் தொடாமல் இருப்பது நல்லது. மாவில் தத்துப்பூச்சிக்கு அடிப்பதைப் பூங்கொத்து தலைகாட்டும்போதே முடித்துவிடுங்கள், முழுப் பூப்பில் மருந்தடிக்கும் டிராக்டரை உள்ளே விடாதீர்கள்.

பக்கத்து நிலத்துக்காரர் அடிப்பதை என்ன செய்வது? அடிக்கிற நாளை முதல்நாளே சொல்லச் சொல்லுங்கள். சண்டையாகக் கேட்காமல், 'அண்ணே, பெட்டி வெச்சிகீறேன், ஒரு வார்த்தை சொல்லுங்க' என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

வரப்பும் வேலியும்

பயிர் பூப்பது ஒரு மாதம். மீதிப் பதினோரு மாதம் பூச்சி எதைத் தின்னும்? வரப்பைச் சுத்தமாகச் செதுக்கிக் களைக்கொல்லி அடித்து வைப்பது பார்க்க அழகு, அவ்வளவுதான். தும்பை, துளசி, ஆவாரை தானாக வந்தால் விட்டுவிடுங்கள். ஆவாரம்பூவும் கத்தரி மாதிரி அதிர்வு கேட்கும் பூ. கத்தரிக்கு வேண்டிய அதே நீலப்பட்டைத் தேனீயையும் தச்சுத்தேனீயையும் அது பிடித்து வைத்திருக்கும். வேலியில் எருக்கு நின்றால் இருக்கட்டும். வேம்பும் புங்கமும் கோடையில் பூத்துப் பஞ்சகாலத்தை ஓட்டும். புளிக்கும் அதில் பங்கு உண்டு. ஒரு பாத்தியில் கொத்தமல்லியைப் பறிக்காமல் பூக்க விடுங்கள்.

நீலப்பட்டைத் தேனீ மண்ணில் துளை போட்டு முட்டை வைக்கும். உழாத, மூடாக்குப் போடாத, வெயில் படும் கொஞ்சம் மண் கிணற்று மேட்டில் இருக்கட்டும். தச்சுத்தேனீக்கு ஒரு பட்ட மரக்கட்டையோ மூங்கிலோ போதும். தண்ணீருக்கு அகலமான தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள். வெறும் வாளித் தண்ணீரில் தேனீ மூழ்கிச் செத்துவிடும்.

பெட்டி எப்போது, எத்தனை?

சோதனையில் பூச்சி போதவில்லை என்று உறுதியானால் மட்டும் பெட்டி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, ஹெக்டேருக்கு இந்தியத் தேனீ என்றால் 5 பெட்டி, இத்தாலியத் தேனீ என்றால் 3 பெட்டி. ஏக்கருக்கு இரண்டு இந்தியத் தேனீப் பெட்டி என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் ஐந்தாறு சட்டம் (தேனீ அடை கட்டும் மரச்சட்டம்) நிறையத் தேனீயும் மூடிய புழு அறைகளும் இருக்க வேண்டும். புழு இருந்தால்தான் தேனீ மகரந்தத்துக்கு அலையும். காலிச் சட்டமும் ஒரு கைப்பிடித் தேனீயுமாக விற்கப்படும் பெட்டியை மலிவு என்று வாங்காதீர்கள்.

பூ 10 சதவீதம் விரிந்த பிறகு பெட்டியைக் கொண்டுவாருங்கள். முன்கூட்டியே வைத்தால் தேனீ பக்கத்துக் கொல்லையில் எதையாவது கண்டுபிடித்து அங்கேயே பழகிவிடும். இரவில் வாசலை அடைத்து வண்டியில் ஏற்றி, விடிவதற்குள் இறக்கிவிட வேண்டும். வைத்த இடத்தை மாற்ற நினைத்தால் தேனீ வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: மூன்று அடிக்குள் நகர்த்து, இல்லாவிட்டால் மூன்று மைலுக்கு அப்பால் கொண்டுபோ. இடைப்பட்ட தூரத்தில் வைத்தால் வெளியே போனவை பழைய இடத்துக்கே திரும்பி வந்து திண்டாடும்.

நிழல் முக்கியம். நம் ஊர் வெயிலில் திறந்தவெளிப் பெட்டி அடுப்புதான். தேனீ பூவை விட்டுவிட்டுக் கூட்டைக் குளிர்விக்கத் தண்ணீர் சுமக்க ஆரம்பிக்கும். தென்னந்தோப்பு இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை: நிழலும் உண்டு, மாதம் தவறாமல் பாளை வெடிப்பதால் மகரந்தமும் உண்டு. வாசல் கிழக்கே பார்க்கட்டும், ஆள் நடக்கும் தடத்தைப் பார்க்க வேண்டாம். கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள், எறும்பு ஏறாது. மழை விடாமல் பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டியிருக்கும். வலுவிழந்த கூட்டை மெழுகு அந்துப்பூச்சி ஒரே வாரத்தில் வலை பின்னி முடித்துவிடும். 1991-92இல் தாய்லாந்து சாக்புரூட் என்னும் வைரஸ் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றைக் காலி செய்தது. இன்றும் அந்த நோய் அவ்வப்போது தலைகாட்டும். புழு பை மாதிரி வீங்கிச் செத்துக் கிடந்தால் அந்தப் பெட்டியின் சட்டத்தை வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள்.

கொட்டினால் கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுங்கள். மூச்சு இறைத்தால், முகம் வீங்கினால் கைவைத்தியம் பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரி.

பெட்டியைத் திறந்து பார்க்கக் கற்றுக்கொள்ள விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி எப்போது என்று கேளுங்கள். மானியத்துக்கு உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகம்.

ஆள் விட்டுச் செய்வது

சூரியகாந்திக்கு இது நல்ல வழி. வெளியே தெரியும் மஞ்சள் இதழ் வெறும் விளம்பரம், மணி பிடிப்பது நடுத்தட்டில் உள்ள பூக்களில்தான். அவை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வளையம் வளையமாக, எட்டுப் பத்து நாள் விரியும். காலை 9 முதல் 11 மணிக்குள், கையில் மெல்லிய துணி சுற்றி ஒவ்வொரு தலையாக இலேசாகத் தடவிக்கொண்டே போக வேண்டும், ஒருநாள் விட்டு ஒருநாள். பக்கத்துப் பக்கத்துத் தலைகளை முகத்தோடு முகம் வைத்துத் தேய்த்தாலும் சரி. செய்யாமல் விட்டால் நடுவில் பொக்கு விழும். அறுவடையில் தலை பெரிதாக இருக்கும், எடை இருக்காது.

சீத்தாப்பழத்துக்கு இயற்கையில் குட்டி வண்டுகள்தான் வரும். பூ முதலில் பெண்ணாகவும் பிறகு ஆணாகவும் இருப்பதால் தன் மகரந்தம் தனக்கு எட்டாது. மாலையில் முழுதாக விரிந்த பூவின் பொடியைத் தூரிகையில் எடுத்து, அரைகுறையாக விரிந்த பூவின் உள்ளே தடவினால் கோணல் இல்லாத பழம் வரும்.

ஏக்கர் கணக்கில் பாகலுக்குக் கையால் செய்வது கூலிக்குக் கட்டுப்படியாகாது. பத்துச் செண்ட் பந்தல் என்றால் வீட்டு ஆட்களே காலையில் முடித்துவிடலாம்.

விதை எடுக்கப் போகிறவர்களுக்கு

காய்க்கு வேண்டிய பூச்சியே விதைக்கு வில்லன் ஆகும் இடம் இது. உங்கள் சுரை குட்டை ரகம், பக்கத்துக் கொல்லையில் நீள ரகம் என்றால் பூச்சி இரண்டையும் கலந்துவிடும். இந்த வருடக் காய் மாறாது. அதன் விதையை அடுத்த வருடம் போட்டால்தான் பேதம் தெரியும். சுரையும் புடலும் பக்கத்தில் இருந்தால் பயமில்லை, ஒரே இனத்தின் இரண்டு ரகம்தான் கலக்கும். விதைச் சான்று விதிகளில் சுரை, பாகல், பீர்க்கனுக்கு ஆதார விதை (சான்று விதையைப் பெருக்க எடுக்கும் விதை) என்றால் 1000 மீட்டர், சான்று விதை (விவசாயிக்கு விற்கும் விதை) என்றால் 500 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள். கத்தரிக்கு 200, 100. சின்ன நிலத்தில் இதற்கு வழியில்லை.

அதனால் பை போடுங்கள். விரியப்போகும் பெண் மொட்டுக்கும், அதே ரகத்தின் வேறொரு கொடியில் உள்ள ஆண் மொட்டுக்கும் முன்கூட்டியே பை கட்டி, விரிந்ததும் பையைத் திறந்து கையால் சேர்த்து, உடனே மறுபடி மூட வேண்டும். சுரை சாயங்காலப் பூ என்பதை மறக்காமல் மதியமே மொட்டைக் கட்டிவிடுங்கள். பிஞ்சு நின்றதும் பையை எடுத்துவிட்டுக் காம்பில் கெட்டியான சிவப்புத் துணி ஒன்றைக் கட்டுங்கள். காய் கொடியிலேயே முற்றிக் காம்பு காய வேண்டும். காய் பறிக்க வரும் அக்காமார்களிடம் அந்தத் துணியைக் காட்டிச் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் விதைக்காய் மற்ற காய்களோடு கூடையேறி உழவர் சந்தைக்குப் போய்விடும்.